தலைக்கு 14 யூரோ: ஜெர்மன் வகுப்பறைகளின் புகையிலைக் கணக்கு

பங்கேற்ற மாணவர்கள் 1,50,566. புகைப்பழக்கத்தில் விழாமல் தடுக்கப்பட்டவர்கள் 3,076. மருத்துவச் செலவில் மட்டும் மிச்சம் 55.9 லட்சம் யூரோ. வேலைநாள் இழப்பு போன்ற மறைமுகச் செலவுகளையும் சேர்த்தால் நிகர லாபம் 1.5 கோடி யூரோ.

‘பி ஸ்மார்ட் – டோன்ட் ஸ்டார்ட்’ என்ற பள்ளிப் போட்டிக்கு, ஜெர்மனியின் 2001-02 கல்வியாண்டை வைத்துப் போடப்பட்ட வரவு செலவு இது. ஹோஃப்ல்மயர், ஹானெவிங்கெல் ஆகிய இருவரும் எழுதி, 2008-இல் பொதுச் சுகாதார ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. பிள்ளைகளை ஒரு பழக்கத்திலிருந்து விலக்கி வைக்கும் கல்விக்கு யூரோ கணக்கில் லாப நட்டம் பார்த்த முயற்சிகள் உலகில் அதிகம் இல்லை. அந்த வகையில் இது பாராட்டத்தக்க கணக்கு. ஆனால் இந்தப் பேரேட்டின் லாபம் முழுவதும் 3,076 என்ற ஒற்றை எண்ணின் மேல் நிற்கிறது. அந்த எண் சரிதானா என்று அதன் பிறகு பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. செலவுப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சண்டை எல்லாம் வரவுப் பக்கத்தில்தான்.

ஒப்பந்தம்: மூன்றாவது ஆள் புகைத்தால் வகுப்பே வெளியே

போட்டியின் பிறப்பிடம் பின்லாந்து, ஆண்டு 1989. ஜெர்மனிக்கு 1997-98 கல்வியாண்டில் வந்தது. கீல் நகரத்தில் உள்ள ஐ.எஃப்.டி. நோர்ட் என்ற ஆய்வு நிறுவனம் அங்கே இதை ஒருங்கிணைக்கிறது. முக்கியமாக 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை, அதாவது 11 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது.

நடைமுறை எளிது. நவம்பரில் வகுப்பு கூடிப் பேசி, சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறது. சேர்ந்தால் வகுப்பு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறது. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென ஒரு தாளில் தனியாகவும் கையெழுத்திடுகிறது. அன்றிலிருந்து ஏப்ரல் கடைசி வரை, ஏறக்குறைய ஆறு மாதம், வகுப்பு புகையிலையைத் தொடக்கூடாது. வாரம் ஒருமுறை ஆசிரியர் கேட்பார், பிள்ளைகளே சொல்வார்கள். ஆறு மாதம் தாக்குப்பிடித்த வகுப்புகளின் பெயரைச் சீட்டில் போட்டுக் குலுக்குவார்கள். தேசிய அளவில் முதல் பரிசு 5,000 யூரோ மதிப்புள்ள வகுப்புச் சுற்றுலா. மாநில அளவில் வேறு பரிசுகள் உண்டு. பிற்காலத்தில் ஷிஷா, இ-சிகரெட் ஆகியவையும் விலக்குப் பட்டியலில் சேர்ந்தன.

விதியின் மையம் 90 சதவீதம். வகுப்பில் பத்தில் ஒன்பது பேராவது புகைக்காமல் இருக்க வேண்டும். 28 பேர் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். 28-இல் 90 சதவீதம் 25.2. அதாவது 26 பேர் சுத்தமாக இருந்தாக வேண்டும்; இரண்டு பேர் வரை தவறலாம். மூன்றாவது ஆள் ‘நானும் புகைத்தேன்’ என்று கை தூக்கினால் மொத்த வகுப்புக்கும் போட்டி முடிந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், ஏற்கெனவே இரண்டு கைகள் உயர்ந்துவிட்ட வகுப்பில், வார இறுதியில் ஒரு சிகரெட் இழுத்துப் பார்த்த 13 வயதுப் பையன் என்ன செய்வான்? உண்மை சொன்னால் 27 பேரின் சுற்றுலாக் கனவு அவனால் போகும். மறைத்தால் யாருக்கும் தெரியாது. சோதிக்கக் கருவி இல்லை, வாய்மொழிதான் சான்று. வகுப்பின் ஒற்றுமையை மூலதனமாக்கும் திட்டம் இது. அதே ஒற்றுமை உண்மையை மறைக்கவும் உதவும். ஜெனீவாவைச் சேர்ந்த எட்டர், பூவியே ஆகிய இருவரும் 2006-இல் இந்தத் திட்டத்தின் மேல் எழுப்பிய ஐயங்களில் ஒன்று, பிள்ளைகள் பொய் சொல்லத் தூண்டப்படலாம் என்பது. புகைக்கும் பிள்ளை சக மாணவர்களின் சீண்டலுக்கு ஆளாகலாம் என்பது இன்னொன்று. சீண்டல் கூடியதாகத் தெரியவில்லை என்று கீல் தரப்பு பின்னர் தன் ஆய்வை வைத்துப் பதில் சொன்னது.

பணம் யாருடையது?

ஜெர்மனியில் கல்வி 16 மாநிலங்களின் கையில் இருக்கிறது. பெர்லினில் உட்கார்ந்துகொண்டு எல்லாப் பள்ளிகளிலும் ஒரே பாடத்தை நடத்து என்று ஆணையிட முடியாது. அதனால் இத்தகைய திட்டங்கள் பல பைகளிலிருந்து பணம் திரட்டியே நடக்கின்றன. புகையில்லாப் போட்டிக்குக் கொடுத்தவர்களில் அரசின் நலவாழ்வுக் கல்வி மையம், ஜெர்மன் புற்றுநோய் உதவி அமைப்பு, ஏ.ஓ.கே. மருத்துவக் காப்பீடு, இதய நோய் அறக்கட்டளை, நுரையீரல் அறக்கட்டளை ஆகியவை உண்டு.

ஊரார் கைகொடுப்பது இன்னும் வெளிப்படையாகத் தெரியும் இடம் ‘கிளாசெ 2000’. 1991-இல் நியூரம்பெர்க் மருத்துவமனையிலிருந்து கிளம்பிய திட்டம் இது. 1 முதல் 4-ஆம் வகுப்பு வரைக்கானது. உடல், உணவு, கோபத்தைக் கையாளுதல், பிறகு மது, புகையிலை என்று பாடம் வளர்கிறது. பயிற்சி பெற்ற நலவாழ்வுப் பணியாளர் ஒருவர் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வகுப்புக்கு வருவார்; மற்ற நேரங்களில் வகுப்பாசிரியரே நடத்துவார். இதற்கு ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு புரவலர் வேண்டும். லயன்ஸ் சங்கங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், உள்ளூர் வணிகர்கள், பெற்றோர் என யாரும் ஒரு வகுப்பைத் தத்தெடுக்கலாம். பல ஆண்டுகள் இந்தக் கட்டணம் வகுப்புக்கு ஆண்டுக்கு 220 யூரோ என்ற அளவில் இருந்தது. 22 பேர் உள்ள வகுப்பென்றால் தலைக்கு 10 யூரோ.

2015-இல் வந்த நோய்த்தடுப்புச் சட்டம் இந்த வழக்கத்துக்குச் சட்டத்தின் முதுகெலும்பைக் கொடுத்தது. 2016-இல் சட்டப்பூர்வ மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள், காப்பீடு பெற்ற ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 7 யூரோவை நோய்த்தடுப்புக்கும் நலவாழ்வு மேம்பாட்டுக்கும் ஒதுக்க வேண்டியிருந்தது. அதில் 2 யூரோ பள்ளி, மழலையர் காப்பகம் போன்ற வாழ்விடங்களுக்குப் போக வேண்டியிருந்தது. ஏறத்தாழ 7 கோடிப் பேர் அந்தக் காப்பீட்டில் இருந்தார்கள். இரண்டு யூரோ வீதம் ஆண்டுக்கு 14 கோடி யூரோ.

இந்தப் பட்டியலில் ஒரு வினோதமான கொடையாளியும் உண்டு. 2002-இல் உல்லா ஷ்மிட் சுகாதார அமைச்சராக இருந்தபோது, சிகரெட் தொழில் சங்கம் ஐந்தாண்டுகளில் 1.18 கோடி யூரோ தர அரசுடன் ஒப்பந்தம் போட்டது. பிள்ளைகள் புகைப்பதைத் தடுக்கும் பிரசாரத்துக்கான பணம். தொழிலையும் அதன் சரக்கையும் இழிவுபடுத்தக்கூடாது என்பது நிபந்தனை. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 23.6 லட்சம் யூரோ. அதே 2002-இல் புகையிலை வரியாக அரசுக்கு வந்தது சுமார் 1,380 கோடி யூரோ. தொழில் சங்கம் கொடுத்தது, வரியில் ஒவ்வொரு 10,000 யூரோவுக்கும் 2 யூரோ கூட நிறையாத தொகை.

செலவுப் பக்கம்

2001-02 போட்டியின் செலவை, ஆய்வு தரும் லாபத்தையும் விகிதத்தையும் வைத்தே பின்னோக்கிப் போட்டுவிடலாம். மருத்துவச் செலவை மட்டும் பார்த்தால் ஒரு யூரோவுக்கு 3.6 யூரோ பலன். மறைமுகச் செலவையும் சேர்த்தால் 8.2 யூரோ. இரண்டு வழியில் போட்டாலும் செலவு சுமார் 21 லட்சம் யூரோ என்று வருகிறது.

தலைக்கு: 14 யூரோ.
28 பேர் கொண்ட வகுப்புக்கு: சுமார் 390 யூரோ.
தடுக்கப்பட்டதாகச் சொல்லும் ஒவ்வொரு புகைப்பவருக்கும்: சுமார் 680 யூரோ.

யூரோவுக்கு 90 ரூபாய் என்று வைத்தால், ஒரு பிள்ளைக்கு 1,260 ரூபாய். ஜெர்மனியில் 2024-இல் ஒரு சிகரெட் பாக்கெட்டின் விலை சுமார் 8 யூரோ. ஒரு பிள்ளையை ஓராண்டுப் போட்டியில் வைத்திருக்கும் செலவு, இரண்டு பாக்கெட் சிகரெட்டை விடக் குறைவு.

எதிர்ப்பக்கத்தில் இருப்பதையும் சொல்லிவிடலாம். ஹைடெல்பெர்கில் உள்ள ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையம் 2020-இல் வெளியிட்ட புகையிலை வரைபடத் தொகுப்பின்படி, புகையிலையால் அந்நாட்டில் 2018-இல் இறந்தவர்கள் சுமார் 1,27,000 பேர். ஆண்டுச் செலவு 9,724 கோடி யூரோ. அதில் மருத்துவமும் பராமரிப்பும் போன்ற நேரடிச் செலவு 3,032 கோடி. உற்பத்தி இழப்பு போன்ற மறைமுகச் செலவு 6,692 கோடி. 2021-இல் வந்த புகையிலை வரி சுமார் 1,470 கோடி. ‘புகைப்பவர்கள் வரி கட்டித் தீர்த்துவிடுகிறார்கள்’ என்ற வாதம் நேரடிச் செலவில் பாதியைத்தான் எட்டுகிறது.

9,724 கோடியை நிமிடங்களாகப் பிரித்தால் நிமிடத்துக்கு 1,85,000 யூரோ. ஆண்டுகள் வேறு என்பதால் இது அளவைப் புரிந்துகொள்ள மட்டும்: ஒன்றரை லட்சம் பிள்ளைகளுக்கான ஓராண்டுப் போட்டிச் செலவு, புகையிலை நாட்டுக்கு வைக்கும் செலவில் 11 நிமிடத்துக்குச் சமம். சிகரெட் சங்கத்தின் ஐந்தாண்டுக் கொடை 64 நிமிடம்.

வரவுப் பக்கம்

3,076-ஐ 1,50,566 ஆல் வகுத்தால் 2.04 சதவீதம். அதாவது 49 பிள்ளைகளுக்கு ஒருவர். ஏறத்தாழ இரண்டு வகுப்புகளை ஆறு மாதம் கட்டிக் காத்தால் ஒரு பிள்ளை தப்பிக்கிறது என்பது ஆய்வின் கூற்று. மேலோட்டமாகப் பார்த்தால் அற்பம். ஆனால் தப்பித்த ஒருவருக்கு மருத்துவச் செலவில் மிச்சமாவது, அதே கணக்கின்படி, சுமார் 2,500 யூரோ. எல்லாம் சேர்ந்தால் சுமார் 5,560 யூரோ.

இனி தலைகீழாகக் கேட்போம். எத்தனை பேர் தப்பித்தால் போட்டி கையைக் கடிக்காமல் இருக்கும்? 21 லட்சத்தை 2,500-ஆல் வகுத்தால் 840 பேர். 179 பிள்ளைகளுக்கு ஒருவர். மறைமுகச் செலவையும் சேர்த்தால் 378 பேரே போதும். கிட்டத்தட்ட 400 பிள்ளைகளுக்கு ஒருவர். ஆய்வாளர்கள் சொன்ன 3,076-இல் நான்கில் மூன்று பங்கு பொய்த்துப் போனாலும், மிஞ்சும் 769 பேர் மறைமுகச் செலவுக் கணக்கில் முதலை இரட்டிப்பாகவே திருப்பித் தருவார்கள். மருத்துவச் செலவை மட்டும் பார்த்தால்தான் சிறு நட்டம்.

செலவு மிகக் குறைவாக இருப்பதன் பலம் இது. மலிவான திட்டம் பெரிதாகச் சாதிக்க வேண்டியதில்லை. கொஞ்சம் சாதித்தால் போதும். ஆனால் அந்தக் கொஞ்சமாவது நடந்ததா?

0.86-ஆ, 1.00-ஆ?

இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் உள்ளன. இரண்டும் தரமான ஆய்வு முறைப்படி வந்தவை.

முதல் விடை ஐ.எஃப்.டி. நோர்டைச் சேர்ந்த இசென்ஸே, ஹானெவிங்கெல் ஆகியோருடையது, 2012. ஐந்து ஆய்வுகள், 16,302 பங்கேற்பாளர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது இடர் விகிதம் 0.86. போட்டி இல்லாத வகுப்புகளில் 100 பேர் புகைக்கும் இடத்தில், போட்டியில் இருந்த வகுப்புகளில் 86 பேர். நம்பக இடைவெளி 0.79 முதல் 0.94 வரை, எந்த முனையும் 1-ஐத் தொடவில்லை; அதாவது தற்செயல் என்று எளிதில் தள்ள முடியாது.

இரண்டாவது விடை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு. 2012-இல் வெளியாகி, ஆஸ்திரேலியாவின் ஹெஃப்லரும் சக ஆய்வாளர்களும் 2017-இல் புதுப்பித்தது. பரிசு காட்டிப் பிள்ளைகளைப் புகையிலிருந்து தடுக்க முடியுமா என்று அவர்கள் பார்த்தார்கள். கிடைத்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இதே போட்டியைப் பற்றியவை. தொடக்கத்தில் புகைக்காத பிள்ளைகளை மட்டும், அதுவும் சீட்டுக் குலுக்கி இரண்டு அணியாகப் பிரித்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது விகிதம் 1.00. இடைவெளி 0.84 முதல் 1.19. தமிழில் சொன்னால்: போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஹைடெல்பெர்க் மையத்தைச் சேர்ந்த ஷுல்ட்சே, மோன்ஸ், எட்லர், பொட்ஷ்கெ-லாங்கர் ஆகிய நால்வரும் 2006-இலேயே, ஜெர்மன் மாணவர்களிடம் நீடித்த தடுப்பு விளைவு எதுவும் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். புகையிலைச் செலவை 9,724 கோடி என்று கூட்டிச் சொன்ன அதே மையம்தான். புகையிலைக்குப் பரிந்து பேசுகிறார்கள் என்று அவர்களை யாரும் தள்ளிவிட முடியாது.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ஓரிடத்தைக் காட்டலாம். போட்டியில் சேர்வது விருப்பம். எந்த வகுப்பு சேரும்? ஏற்கெனவே புகைப்பவர் குறைவாக உள்ள வகுப்பு. 28 பேரில் எட்டுப் பேர் புகைக்கும் வகுப்பு முதல் நாளே தகுதி இழந்துவிடும் என்பதால் சேரவே சேராது. ஜெர்மனியில் பிள்ளைகள் பல மாநிலங்களில் 10 வயதிலேயே வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிந்துபோகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு வழி காட்டும் கிம்னாசியம் பள்ளிகளில் புகைப்பவர்கள் குறைவு; தொழில்கல்விக்கு அனுப்பும் பள்ளிகளில் கூடுதல். ஆகவே சேர்ந்த வகுப்பையும் சேராத வகுப்பையும் நேராக ஒப்பிட்டால், போட்டியின் பலனோடு வகுப்பின் பழைய குணமும் சேர்ந்து எடை ஏறிவிடும். புள்ளியியல் முறையில் அதைச் சரிக்கட்டலாம். முழுக்கக் கழிக்க முடியாது.

அதைக் கழிக்க ஒரே வழி, விரும்பி வரும் பள்ளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது. அது பின்னால் நடந்தது. சாக்ஸனி-அன்ஹால்ட் மாநிலத்தில் 84 பள்ளிகள், 208 வகுப்புகள், 3,490 மாணவர்களைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2012-இல் அச்சானது. ஜெர்மனியில் போட்டி தொடங்கி அப்போது 14-15 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் லட்சக்கணக்கான பிள்ளைகள் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார்கள்.

0.86 சரி என்றால் 14 யூரோ பொன்னான முதலீடு. 1.00 சரி என்றால் ஆண்டுக்கு 21 லட்சம் யூரோ, நல்ல எண்ணத்தோடு செய்த செலவு.

27.5-லிருந்து 6.1-க்கு: யார் பெயரில் வரவு வைப்பது?

அரசின் நலவாழ்வுக் கல்வி மையம் நடத்திய கருத்தாய்வின்படி, 12 முதல் 17 வயது வரையிலானவர்களில் புகைப்பவர்கள் 2001-இல் 27.5 சதவீதம். 2018-இல் 6.6 சதவீதம். 2021-இல் 6.1. நான்கில் ஒருவர் என்ற நிலையிலிருந்து பதினாறில் ஒருவர் என்ற நிலைக்கு. எந்த நாட்டுச் சுகாதார அமைச்சரும் மேடையில் சொல்லிப் பெருமைப்படக்கூடிய சரிவு.

போட்டி ஏறுமுகத்தில் இருந்த அதே ஆண்டுகளில் வேறென்ன நடந்தது என்று வரிசையாக எழுதிப் பார்க்கலாம்.

2002 ஜனவரி முதல் 2005 செப்டம்பர் வரை: புகையிலை வரி ஐந்து படிகளில் உயர்வு.
2003 ஏப்ரல் 1: 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்கத் தடை. அதுவரை பிள்ளைகள் பொது இடத்தில் புகைக்கக்கூடாது என்றுதான் சட்டம் இருந்தது. கடைக்காரர் விற்கக்கூடாது என்று இல்லை.
2005 முதல்: ஹெஸ்ஸன் தொடங்கிப் பல மாநிலங்களில் பள்ளி வளாகத்தில் முழுத் தடை. மேல்வகுப்பு மாணவர்கள் இடைவேளையில் நின்று புகைக்கப் பள்ளிகளே ஒதுக்கித் தந்திருந்த ‘புகை மூலை’கள் மறைந்தன.
2007 ஜனவரி: தெருவில் உள்ள சிகரெட் இயந்திரங்களில் வயதைக் காட்டும் அட்டை செருகினால்தான் பாக்கெட் விழும்.
2007 செப்டம்பர் 1: வயது வரம்பு 18 ஆனது.
2016: பாக்கெட்டின் மேல் படத்தோடு எச்சரிக்கை. இ-சிகரெட்டுக்கும் 18 வயது வரம்பு.

வரிப் படிகளின் விளைவு பளிச்சென்று தெரிகிறது. 2002-இல் ஜெர்மனியில் வரி கட்டி விற்ற சிகரெட்டுகள் சுமார் 14,500 கோடி. 2005-இல் 9,580 கோடி. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. சிலர் கையால் சுருட்டும் புகையிலைக்கு மாறினார்கள், சிலர் எல்லை தாண்டி வாங்கினார்கள் என்பதைக் கழித்தாலும் பெரிய சரிவுதான். அரசின் வரி வருவாயோ சுமார் 1,380 கோடி யூரோவிலிருந்து சுமார் 1,430 கோடி யூரோவாக ஏறியது. பிள்ளைகளைத் தடுத்ததற்கு அரசு செலவழிக்கவில்லை. 50 கோடி யூரோ சம்பாதித்தது.

விலை ஏறினால் முதலில் கை சுருங்குவது பாக்கெட் மணியில் வாங்கும் பிள்ளைதான். எனவே 27.5-இலிருந்து 6.1 வரையிலான 21.4 புள்ளிச் சரிவில் பெரும்பங்கை வரியின் பெயரிலும் சட்டத்தின் பெயரிலும் வரவு வைப்பதே நேர்மை. போட்டிக்கு உச்சபட்சம் கோரக்கூடியது அதன் சொந்தக் கணக்கு சொல்லும் 2 புள்ளி. ஆனால் ஒன்று: வரியை ஏற்ற மனமில்லாத அரசுகள் வகுப்பறைத் திட்டத்தைக் காட்டித் தப்பிக்கலாம். சிகரெட் தொழில் பள்ளிப் பிரசாரத்துக்குப் பணம் தர முன்வந்ததன் பொருளாதாரமும் அதுதான். கல்வி அவர்கள் வியாபாரத்தை உரசும், வரி வெட்டும்.

சரிவும் நிரந்தரமில்லை. டெப்ரா என்ற தொடர் கருத்தாய்வில், 14 முதல் 17 வயது வரை புகைப்பவர்கள் 2021-இல் 8.7 சதவீதமாக இருந்து 2022-இல் 15.9 ஆனார்கள். இ-சிகரெட் 0.5-லிருந்து 2.5. வயது வரம்பும் கேள்வி முறையும் வேறு என்பதால் இதை மேலே சொன்ன 6.1-ஓடு ஒட்டவைத்துப் படிக்கக்கூடாது. திசை மட்டும் பார்க்கலாம்.

அமெரிக்காவின் இன்னொரு விலகல்

‘விலகியிரு’ என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பதற்கு மிகப் பெரிய தொகையைச் செலவழித்த நாடு அமெரிக்கா. அங்கே விலகச் சொன்னது புகையிலிருந்து அல்ல, திருமணத்துக்கு முந்தைய உடலுறவிலிருந்து. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது; மத்திய அரசு தரும் ஒவ்வொரு 4 டாலருக்கும் மாநிலங்கள் 3 டாலர் போட வேண்டும். பிறகு ஊர் அமைப்புகளுக்கு நேரடியாகப் பணம் தரும் திட்டமும் சேர்ந்தது.

அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது: சோதித்துப் பார்க்கவும் பணம் ஒதுக்கியது. மேத்தமேட்டிகா நிறுவனம் நான்கு திட்டங்களை எடுத்து, பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, 2007-இல் அறிக்கை தந்தது. 2,057 பேர். திட்டத்தில் இருந்தவர்களில் உடலுறவு கொள்ளாதவர்கள் 49 சதவீதம். திட்டத்தில் இல்லாதவர்களில் 49 சதவீதம். முதல் உறவின் சராசரி வயது இரு அணியிலும் 14.9.

ஜெர்மனி அந்த வழியில் போகவில்லை. 1968-இல் மாநிலக் கல்வி அமைச்சர்கள் பாலியல் கல்வியைப் பள்ளிகளுக்குப் பரிந்துரைத்தார்கள். 1977-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அது பள்ளியின் அதிகாரத்துக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. பீரும் ஒயினும் 16 வயதிலேயே வாங்கலாம் என்பதால் மதுவில் முழு விலக்கைக் கேட்பதும் அங்கே கடினம். முழுதாக விலகு என்று ஜெர்மன் பள்ளி தெளிவாகக் கேட்பது, சட்டமும் கடையும் சேர்ந்து மறுக்கும் புகையிலையில்தான்.

சென்னையின் பக்கம்

நம் ஊரிலும் ஒரு பேரேடு இருக்கிறது. பலருக்கும் நினைவில்லை. 2004 முதல் 2006 வரை டெல்லியில் 16, சென்னையில் 16 என 32 பள்ளிகளில் ‘மைத்ரி’ என்ற சோதனை நடந்தது. டெல்லியின் ஹிருதய் அமைப்பும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தியது. செரில் பெரி, கே. ஸ்ரீநாத் ரெட்டி, மோனிகா அரோரா போன்றவர்கள் ஆய்வுக் குழுவில் இருந்தார்கள். 6-ஆம் வகுப்பும் 8-ஆம் வகுப்பும். மொத்தம் 14,063 மாணவர்கள். பள்ளிகளைத் தொடக்கத்திலேயே குலுக்கிப் பிரித்தார்கள்.

இங்கே பரிசுச் சுற்றுலா இல்லை. வகுப்பே வெளியேறும் விதியும் இல்லை. வகுப்பறைப் பாடம், சுவரொட்டி, பெற்றோருக்கு அஞ்சலட்டை, மாணவத் தலைவர்கள் நடத்தும் பிரசாரம் என்று நான்கு வேலை. இரண்டாண்டு முடிவில் திட்டம் இல்லாத பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 68 சதவீதம் ஏறியிருந்தது. திட்டம் இருந்த பள்ளிகளில் 17 சதவீதம் குறைந்திருந்தது.

அந்தச் சோதனையின் தொடக்கக் கணக்கெடுப்பில் எதிர்பாராத ஒன்றும் வெளிப்பட்டது. புகையிலையை எப்போதாவது தொட்டுப் பார்த்தவர்கள் 8-ஆம் வகுப்பில் 9.3 சதவீதம், 6-ஆம் வகுப்பில் 24.8 சதவீதம். மேலைநாட்டில் வயது ஏற ஏற எண் ஏறும். இங்கே சின்னப் பிள்ளைகளிடம் கூடுதல். வயது ஏற ஏற எண் ஏறும் என்ற எண்ணத்தில் 8-ஆம் வகுப்பில் தொடங்கியிருந்தால் ஆள் மாறிப் பிடித்திருப்போம்.

இன்னொரு வேறுபாடு கடையில். ஜெர்மன் பிள்ளை 8 யூரோ கொடுத்து முழுப் பாக்கெட் வாங்க வேண்டும், இயந்திரத்தில் அட்டை செருக வேண்டும். நம் பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் கிடைக்கும். பொட்டலப் புகையிலை அதைவிட மலிவு. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக்கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை. 2016-17 கருத்தாய்வில் தமிழ்நாட்டுப் பெரியவர்களில் புகையிலை பயன்படுத்துவோர் 20 சதவீதம்; இந்திய அளவில் 28.6. இந்திய மாணவர்களில் 13 முதல் 15 வயது வரை 8.5 சதவீதம் என்கிறது 2019 கணக்கெடுப்பு.

மீதி

ஜெர்மன் போட்டியை நிறுத்த வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கில் காரணம் இல்லை. 179 பேருக்கு ஒருவர் தப்பித்தாலே மருத்துவச் செலவுக் கணக்கில் முதல் திரும்பிவிடும் திட்டத்தை, தலைக்கு 14 யூரோ செலவில் நடத்துவது தவறில்லை. அதை வரிக்கும் சட்டத்துக்கும் மாற்றாகக் காட்டினால்தான் தவறு.

தமிழ்நாட்டில் நாளை யாராவது இப்படி ஒரு போட்டியைத் தொடங்கினால் செய்ய வேண்டியது ஒன்று. சேர விரும்பும் பள்ளிகளின் பட்டியலை எடுத்து, பாதிப் பள்ளிகளில் இந்த ஆண்டும் மீதிப் பள்ளிகளில் அடுத்த ஆண்டும் என்று குலுக்கி விடுங்கள். எல்லாப் பள்ளிக்கும் ஒரே ஆண்டில் கொடுக்க எப்படியும் பணம் இருக்காது. யாரை முதலில் எடுப்பது என்பதைச் சீட்டு முடிவு செய்யட்டும். இதற்குத் தனிச் செலவு கிட்டத்தட்ட இல்லை. கீல் நகரத்தில் பரிசுச் சுற்றுலாவுக்கு ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கினார்கள். 1997-இலேயே பள்ளிகளையும் குலுக்கியிருந்தால், 3,076 என்ற எண்ணைப் பற்றி இத்தனை ஆண்டு சண்டை போட வேண்டி வந்திருக்காது.